எடைக்கு எடை வெல்லம்

பச்சையம்மாளின் போன் வந்தபோது அருணாதேவியின் வாய் நிறைய வெங்காயப் பக்கோடா இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கணவன் சரவணகுமார் வெளியே போயிருந்தான். மகள் இனியா மாடியில் படித்துக்கொண்டிருந்தாள். வேங்கிக்கால் வீட்டின் சமையலறையில் விளக்கைப் போடாமல், மேடையோரம் நின்றபடி, பொட்டலத்திலிருந்து நேராகவே எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். தட்டில் வைத்துச் சாப்பிட்டால் அது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று அவளுக்குள் ஒரு விதி இருந்தது. அவசரமாக மென்று விழுங்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

"இன்னா, மூச்சு வாங்குது? இந்நேரத்துலயும் நடக்கறியா?"

பச்சையம்மாள் சரவணகுமாரின் அக்கா. அடி அண்ணாமலையில் கழனியும் மாடுகளுமாக இருப்பவள்.

"இல்ல அண்ணி. மாடியிலேர்ந்து இறங்கி வந்தேன்."

"சரி, கேட்டுக்க. வெல்லம் காய்ச்சியாச்சு. இத்தனை வருசமும் கரும்பு மொத்தமும் மில்லுக்கே போயிட்டிருந்துது, வேண்டுதல் அப்படியே நின்னுபோச்சு. இந்த வருசம் நான் விடல. கொஞ்சம் நிறுத்தி வெச்சு நானே ஆட்டிட்டேன். உன் எடை அறுபத்தொண்ணு, சாமிக்குன்னு மேல ஒண்ணு. அறுபத்திரண்டு கிலோ என் கையால நிறுத்து மூட்டை கட்டி வெச்சிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை காலையில கோயிலுக்கு வந்துடுங்க. துலாபாரத்துக்கு உன் வீட்டுக்காரனை விட்டுச் சொல்லி வெச்சாச்சு."

அருணாதேவி பொட்டலத்தின் வாயை மடித்தாள்.

"குறைஞ்சப்புறம் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன் பாரு, அதுல எனக்கு எவ்ளோ வெல்லம் மிச்சம்! பழைய அருணாவா இருந்திருந்தா என் கொட்டகையே காலி." பச்சையம்மாள் சிரித்தாள். "இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. வந்துடறோம்."

போனை வைத்தபின், பொட்டலத்தில் மீதி இருந்ததையும் தின்று முடித்தாள். ருசி தெரியவில்லை. எண்ணெய்க் காகிதத்தைக் கசக்கி, குப்பைக்கூடையில் வெங்காயத் தோலுக்கு அடியில் தள்ளினாள்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அவள் தொண்ணூற்றேழு கிலோ இருந்தாள். வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தின் படிக்கட்டில் ஒருநாள் மயங்கி விழுந்தாள். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. கல்லீரலில் கொழுப்பு. டாக்டர் திட்டவில்லை. "முப்பத்தெட்டு வயசுதானே ஆகுது உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து எழுதத் தொடங்கினார். அந்த வாரம்தான் பச்சையம்மாள் கோயிலுக்குப் போய், தம்பி பெண்டாட்டி உடம்பு குறைந்து நல்லபடியாக நடமாடினால் அவள் எடைக்கு எடை தன் கழனி வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொண்டு வந்தாள். கடை வெல்லம் இல்லை, தன் கழனி வெல்லம். அதை அவள் அழுத்திச் சொன்னாள்.

அருணாதேவி குறைத்தாள். சோற்றை ஒரு கரண்டியாக்கினாள். கேழ்வரகுக் கூழ், கொள்ளு ரசம், கீரை. விடியற்காலையில் கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி நடந்தாள். முதலில் எமலிங்கம் வரை போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். பிறகு அடி அண்ணாமலை வரை. பிறகு முழுச் சுற்று. அடி அண்ணாமலையைத் தாண்டும்போது பச்சையம்மாள் சில நாள் பாதையோரம் நின்று மோர் கொடுப்பாள். குடித்துவிட்டு நிற்காமல் போக வேண்டும், அதுதான் அவள் கட்டளை. ஒன்றரை வருடத்தில் மிஷினில் அறுபத்தொன்று என்று வந்தது.

அந்த எண்ணை அவள்தான் எல்லோருக்கும் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள். ஆபீஸில், கல்யாண வீடுகளில், வங்கி வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம்கூட. மகளிர் தினத்துக்கு ஆபீஸில் அவளைப் பேசச் சொன்னார்கள். பழைய சுடிதார் ஒன்றின் ஒற்றைக் காலுக்குள் தன் இரண்டு கால்களையும் விட்டு நின்று காட்டினாள். கைதட்டினார்கள். தான் ஓர் ஆள் என்று அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது அன்றுதான். கல்யாணத்தன்றோ இனியா பிறந்தபோதோகூட அப்படித் தோன்றியதில்லை.

குறைந்துகொண்டிருந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு செய்தி இருந்தது. ஒரு கிலோ, அரைக் கிலோ, வளையல் கழன்று விழுந்தது, மோதிரத்துக்கு நூல் சுற்றியது. நின்றபிறகு செய்தி இல்லை. அறுபத்தொன்றுக்கு வருவதற்குப் பட்ட அதே பசியை அறுபத்தொன்றில் நிற்பதற்கும் பட வேண்டியிருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லி வைக்கவில்லை. உடம்பு இழந்ததையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தது. சாப்பிட்டு எழுந்த அரை மணியில் அது வேறு யாரோபோல அவள் பக்கத்தில் வந்து நின்று கேட்டது. ஒரு நாள் மறுத்தாள், ஒரு மாதம் மறுத்தாள், ஆறு மாதம் மறுத்தாள். இன்னும் எத்தனை வருடம் என்று ஒருநாள் நினைத்துப் பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று. சாகும் வரை என்று பதில் வந்தது. அன்று மாலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்று இரண்டு சமோசா தின்றாள்.

திரும்ப வந்தது மெல்லத்தான் வந்தது. "எப்படிக் குறைச்சீங்க?" என்று கேட்பவர்கள் இல்லாமல் போனார்கள். அந்தக் கேள்வி எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. நின்றுவிட்டது என்பது மட்டும் ஒருநாள் தெரிந்தது. காலையில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவது இன்னும் நிற்கவில்லை. ஆனால் அக்னிலிங்கம் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, நடந்து முடிக்கிற நேரம் ஆனதும் வீட்டுக்கு வந்தாள். எடை மிஷினில் கடைசியாகப் பார்த்த எண் எழுபத்திரண்டு. அன்றே பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, மிஷின் கெட்டுப்போச்சு என்றாள். அது ஆகி ஒரு வருடம் இருக்கும்.

பார்க்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் யாரும் சொல்லாத வரை அறுபத்தொன்று அவளுடையதாகவே இருந்தது. சொல்லிவிடக் கூடியவள் பச்சையம்மாள் ஒருத்திதான். அதனால் போன பொங்கலுக்கும் இந்தப் பொங்கலுக்கும் ஆபீஸ் வேலை என்று சொல்லிக் கணவனையும் மகளையும் மட்டும் அடி அண்ணாமலைக்கு அனுப்பினாள். அந்தப் பக்கம் நடக்கவும் இல்லை. மோர் கொடுத்தவளிடமிருந்து இப்படி ஒளிந்து திரிந்தாள்.

திங்கட்கிழமை, பட்டுப் புடவையோடு தையல்காரி சந்திரகலாவிடம் போனாள். அந்தப் புடவையின் ஜாக்கெட் கையில் ஏறவே இல்லை.

சந்திரகலா ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இதுல பிரிக்க ஒண்ணுமே இல்லையே அக்கா. உள்ள துணி விடறேன்னு சொன்னேன், நீங்கதான் வெட்டச் சொன்னீங்க."

சொன்னாள்தான். எல்லா ஜாக்கெட்டையும் பிடித்துத் தைத்தபோது, "எதுக்கு விடணும்? இனிமே எனக்குத் தேவைப்படாது. வெட்டிடு" என்று இதே இடத்தில் நின்று சொன்னாள். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. ரெண்டு பக்கமும் அக்குள்கிட்ட ஒரு பட்டை வெச்சுத் தரேன். அதே கலர்ல துணி இருக்குது. கையைத் தூக்கினாத்தான் தெரியும்."

சந்திரகலா சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து மார்பைச் சுற்றி அளந்துவிட்டு, வாய்விட்டுச் சொல்லாமல் குறித்துக்கொண்டாள். எல்லோருக்கும் உரக்கச் சொல்லித்தான் அளவெடுப்பாள்.

அன்று ராத்திரி தோசைக்கு உட்கார்ந்தபோது இனியா ஒன்றோடு எழுந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். அம்மாவின் உடல்வாகு, அதே அகலமான தோள், அதே முகம்.

"இன்னொண்ணு போட்டுக்கடி" என்றான் சரவணகுமார். "படிக்கிற பொண்ணு."

"வேணாம்ப்பா. ராத்திரிக்கு ஒண்ணுதான். அம்மா ரூல்." இனியா தட்டைக் கழுவ எடுத்துப் போனாள். "அம்மாவால முடிஞ்சுது, என்னால முடியாதா?"

அந்த வாக்கியம் அருணாதேவி சொல்லிக் கொடுத்தது. இரண்டு வருடமாக, சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கும்போதெல்லாம், பிறந்த நாளுக்குக் கேக்கை ஒரு விரல் அகலம் வெட்டும்போதெல்லாம் சொன்னது. இனியா அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு கிலோ குறைத்திருந்தாள். கண்ணுக்கு எதிரில் அம்மா பெருத்துக்கொண்டு வந்தும் அந்தப் பெண் அதைப் பார்க்க மறுத்தாளா, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாளா என்று அருணாதேவிக்குத் தெரியவில்லை. எது என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க மோரில் ஓட்டினாள். நான்கு நாளில் பத்துப் பதினைந்து கிலோ குறையாது என்பது அவளுக்குத் தெரியாதா? அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனாலும் பட்டினி கிடந்தாள். புதன்கிழமை மத்தியானம், பக்கத்து சீட்டுக்காரி மேஜையில் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஃபினாயில் வாசனைக்கு நடுவில், சத்தம் வராமல் இருக்க ஒவ்வொரு பிஸ்கட்டையும் வாயில் ஊறவைத்து விழுங்கினாள். வெளியே வந்து கண்ணாடியில் வாயைத் துடைத்தபோது, தன் முகத்தைப் பார்க்காமல் வாயை மட்டும் பார்த்தாள்.

அன்று மாலை பச்சையம்மாளைக் கூப்பிட்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டாள்.

"சொல்லு அருணா. இப்பத்தான் மிச்ச வெல்லத்துல ஒரு துண்டு வாயில போட்டேன். இன்னா வாசனை தெரியுமா! நாளைக்கு மூட்டையெல்லாம் மஞ்சத் தண்ணி தெளிச்சு எடுத்து வைக்கணும்."

"எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன் அண்ணி."

"ஒம்போதுக்குள்ள வந்துடு. வெயிலுக்கு முன்னாடி."

வியாழக்கிழமை ஆபீஸ் விட்டதும் கடைத்தெருவுக்குப் போனாள். குத்துமதிப்பாகப் பதினைந்து கிலோ வெல்லம் வாங்கி, வெள்ளிக்கிழமை காலையில் முதலிலேயே போய், மூட்டைகளோடு மூட்டையாக வைத்துவிடுவது. யோசனை அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினார். வெளிறிய மஞ்சள். எலுமிச்சம்பழம்போல இருந்தது.

"கறுப்பு வெல்லம் இல்லீங்களா?"

"அதை யாரும்மா கேக்கறாங்க? கலர் இல்லன்னா போணியாகாது. இது பாருங்க, தங்கமாட்டம்."

பச்சையம்மாளின் வெல்லம் பழைய புளிபோலக் கறுத்திருக்கும். நிறத்துக்கு மருந்து போடாமல் காய்ச்சுவது. இந்த மஞ்சளை அதற்கு நடுவில் வைத்தால் கண் தெரியாதவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். "அப்புறம் வரேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கோபுரத்துக்கு எதிரில் நின்றும் கும்பிடத் தோன்றவில்லை. சாமியையும் ஏமாற்றக் கணக்குப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த நான்கு நாளும் அவள் பச்சையம்மாளுக்கும் இனியாவுக்கும்தான் பயந்தாள். சாமி ஞாபகத்திலேயே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. துலாபார மண்டபத்துக்கு முன்னால் நாலைந்து குடும்பங்கள் காத்திருந்தன. பச்சையம்மாள் அரக்குப் புடவையில், நெற்றி நிறைய விபூதியோடு, மூட்டைகளுக்குக் காவல்போல நின்றிருந்தாள். அருணாதேவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் சதை போட்டிருக்க. நல்லாத்தான் இருக்குது, முகத்துல களை வந்திருக்கு." இனியாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "நீ ஏண்டி துரும்பாயிட்ட? உங்கம்மா சோறு போடலியா?"

"அத்தை, நான் துரும்பா? கண் டாக்டரைப் பாருங்க" என்றாள் இனியா.

அவர்கள் முறை வந்தது. இரண்டு பெரிய தட்டுகள், கனத்த இரும்புச் சங்கிலி. தராசருகில் நின்ற ஆள் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, அருணாதேவி ஒரு தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டு கல் தரையில் உட்கார்ந்தது. எதிர்த் தட்டு மேலே போயிற்று. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். அக்குளில் வைத்த பட்டை தெரியக் கூடாது.

பச்சையம்மாள் முதல் உருண்டையைக் கண்ணில் ஒற்றி வைத்தாள். பிறகு சரவணகுமாரும் தராசு ஆளும் மூட்டைகளைத் தூக்கி வைத்தார்கள். எதிர்த் தட்டு கொஞ்சம் ஆடியது. இன்னொரு மூட்டை. இன்னும் கொஞ்சம். கடைசி மூட்டையை வைத்துவிட்டு எல்லோரும் கையை எடுத்தார்கள்.

அருணாதேவிக்குக் கீழே தட்டு அசையவில்லை. கல்லின் குளிர்ச்சி தட்டு வழியாக அவளுக்குத் தெரிந்தது.

"சங்கிலி எங்கியாச்சும் சிக்கியிருக்கா பாருப்பா" என்றாள் பச்சையம்மாள்.

அந்த ஆள் சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்குது. சரக்கு கம்மி."

"கம்மியா? இன்னாய்யா சொல்ற? என் கையால நிறுத்தேன். சாமிக்குன்னு ஒரு கிலோ மேலயே வெச்சேன்."

"கம்மிதாம்மா. கொஞ்சநஞ்சம் இல்ல, நல்லாவே கம்மி."

பின்னால் காத்திருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகச் சொல்வதுபோல, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "சாமிக்கே எடையைக் குறைச்சு வைக்கிறாங்க பாரு. காலம் அப்படி."

பச்சையம்மாளின் முகம் வெளுத்தது. "படிக்கல்லு தேஞ்சுபோயிருக்குமோ? எங்க மாமனார் காலத்துக் கல்லு அது. நான் பார்க்காம விட்டுட்டேனே. எத்தனை வருசமா அதுலதான் எல்லாருக்கும் நிறுத்துக் குடுக்கறேன். ஊருக்கே குறைச்சுக் குடுத்திருக்கேனா?" அவள் சந்நிதி இருந்த திசைக்குத் திரும்பினாள். "அப்பனே, தெரியாம செஞ்சுட்டேன். உனக்கு வைக்கிறதுல குறைச்சு வெச்சுட்டேனே. மன்னிச்சுக்கப்பா."

இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வழக்கமாகச் சாமி முன்னால் போட்டுக்கொள்வதுபோல மெல்ல இல்லை. சத்தம் கேட்கிற மாதிரி, மறுபடி மறுபடி.

அருணாதேவி தட்டில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அவள் தேடியது அவள் கேட்காமலே கிடைத்துவிட்டது. படிக்கல் தேய்ந்துபோயிற்று. எல்லோரும் நம்பிவிட்டார்கள். இனியாகூட அத்தையின் கையைப் பிடிக்கப் போய்விட்டாள், தராசைப் பார்க்கவே இல்லை. சரவணகுமார் எங்காவது ஓடி இன்னும் வெல்லம் கொண்டுவருவான், தட்டு சமமாகும், வீட்டுக்குப் போய்விடலாம். அறுபத்தொன்று பத்திரமாக இருக்கும். அவள் நெஞ்சு அப்படியே தளர்ந்து இறங்கியது. அந்த நிம்மதியை அவள் முழுசாக உணர்ந்தாள். எதிரில் ஒருத்தி கன்னத்தில் அறைந்துகொண்டிருக்க, இவளுக்கு மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. தனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"அண்ணி, போதும்" என்றாள். அண்ணிக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அண்ணி. உங்க கல்லு சரியாத்தான் இருக்கு. நீங்க நிறுத்ததும் சரி. நான்தான் ஏறிட்டேன்."

பச்சையம்மாளுக்குப் புரியவில்லை. "இன்னா ஏறிட்ட?"

"எடை ஏறிட்டேன் அண்ணி. அறுபத்தொண்ணு இப்ப இல்ல. ரெண்டு வருசமாவே இல்ல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமிக்கே எடையைக் குறைக்கிறார்கள் என்று சொன்ன பெண், "அட, இதுக்கா இவ்ளோ?" என்றாள். தராசு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருணாதேவி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தட்டிலிருந்து இறங்கினாள். கை உயர்ந்ததில் அக்குளில் இருந்த பட்டை வெளியே தெரிந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"இப்ப எவ்ளோ இருக்க?" என்று கேட்டான் சரவணகுமார். தாழ்ந்த குரலில்தான் கேட்டான். "அக்கா வீட்டுல மிச்ச வெல்லம் இருக்குது. போய் எடுத்துட்டு வரேன். எவ்ளோ எடுக்கணும்?"

"தெரியாதுங்க."

"தோராயமா சொல்லு."

"நிஜமாவே தெரியாது. நான் பார்க்கறதே இல்ல."

தராசு ஆள்தான் முடிவு சொன்னார். "ஒரு இருபது கிலோ கொண்டாங்க சார். மிஞ்சினா திருப்பி எடுத்துட்டுப் போயிக்கலாம். அதுக்குள்ள மத்தவங்களைப் பார்த்துடறேன்."

சரவணகுமார் பைக் சாவியோடு போனான். மூட்டைகளை இறக்கி ஓரமாக வைத்தார்கள். பச்சையம்மாள் அவற்றின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன. அருணாதேவி அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு போன் பண்ணியிருந்தா இன்னொரு மூட்டை போட்டு எடுத்தாந்திருப்பேனே" என்றாள் பச்சையம்மாள். "வெல்லத்துக்கா பஞ்சம்?"

"வெக்கமா இருந்துது அண்ணி."

"உடம்பு ஏறும், இறங்கும். எங்க வீட்டு மாடுகூடத்தான் ஏறி இறங்குது. அதுக்கு இன்னா வெக்கம்?" மூட்டையின் வாயைத் தடவினாள். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னாள். "ஆனா நான் சாமி முன்னாடி நின்னு அழுதேன். ஊரை ஏமாத்திட்டேனோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. நீ அதுல உக்காந்து பார்த்துட்டு இருந்த பாரு. கொஞ்ச நேரம் இருந்த."

அருணாதேவி பார்த்துக்கொண்டு இருந்தது உண்மை. எடைக்கு மன்னிப்புக் கேட்க நான்கு நாளாகச் சொற்கள் தேடியிருந்தாள். இதற்குச் சொற்கள் தேடியிருக்கவில்லை.

"ஆமா அண்ணி" என்றாள். "இருந்தேன்."

பச்சையம்மாள் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். அடுத்த குடும்பம் ஒரு சின்னக் குழந்தையைத் தட்டில் வைத்து வாழைத்தார் அடுக்கிக்கொண்டிருந்தது. குழந்தை கையைக் காலை ஆட்டிச் சிரிக்க, தட்டு உடனே மேலே எழும்பியது. எல்லோரும் சிரித்தார்கள்.

இனியா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். வெகுநேரம் கழித்து வந்து ஓரடி தள்ளி உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு தோசைதான்னு சொல்வியே."

"ஆமா."

"அப்ப நீ என்ன சாப்பிட்ட?"

"நீங்க சாப்பிட்டுப் போனப்புறம் சாப்பிட்டேன். நின்னுகிட்டே. விளக்குப் போடாம."

இனியாவின் மூக்கு நுனி சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தாள். ஆனால் அவள் கோபமாகத்தான் பேசினாள். "எனக்கு மட்டும்தான் இவ்ளோ கஷ்டமா இருக்குன்னு நினைச்சேன்மா. உனக்கு ஈசியா இருந்துச்சுன்னு நினைச்சேன். எனக்கு ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். ராத்திரியெல்லாம் பசிக்கும், நீ எப்படித்தான் தாங்கினியோன்னு படுத்துட்டு யோசிப்பேன்." சட்டென்று குரல் இறங்கியது. "உனக்கும் பசிக்குமா?"

"பசிக்கும்."

"குறைச்சு முடிச்சப்புறமும்?"

"அப்பதான் ஜாஸ்தி பசிச்சுது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, எல்லாரும் கைதட்டினது பொய்யாயிடும்னு நினைச்சேன்."

இனியா தரையில் விரலால் ஏதோ கோடு கிழித்தாள். மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. எழுந்து போகவும் இல்லை.

சரவணகுமார் தோளில் மூட்டையோடு வேர்த்து வழிய வந்தான். தராசு ஆள் இவர்களைப் பார்த்துக் கையசைத்தார். அதற்குள் வரிசையில் புதிதாக ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். நடந்ததைப் பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது. அருணாதேவிக்குக் காது மடல் எரிந்தது. இப்படியே எழுந்து வாசல் பக்கம் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போனால் அண்ணியின் வேண்டுதல் பாதியில் நிற்கும்.

அவள் போய்த் தட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மூட்டைகள் ஏறின. புதிய மூட்டையைப் பிரித்து, பச்சையம்மாள் உருண்டை உருண்டையாக எடுத்து வைத்தாள். அருணாதேவி இந்த முறை தலையைக் குனியவில்லை. ஒவ்வொரு உருண்டையும் போவதைப் பார்த்தாள். தான் இருட்டில் நின்று தின்றதெல்லாம் கறுப்புக் கறுப்பாக, எல்லோர் கண்ணுக்கும் எதிரில், மெல்ல அடுக்கப்படுவதுபோல இருந்தது. வைத்துக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவா என்று அவளுக்கே தோன்றியது. சிரித்தவர்களும் இப்போது பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்தார்கள்.

ஒரு கட்டத்தில் அவளுக்குக் கீழே கல் விலகியது. ஒரு விரல் அளவு. பிறகு இன்னும் கொஞ்சம். அவள் அந்தரத்தில் லேசாக ஆடினாள்.

"வந்துடுச்சும்மா. போதும்" என்றார் தராசு ஆள்.

"இரு." பச்சையம்மாள் இன்னும் ஓர் உருண்டையை எடுத்து மேலே வைத்தாள். அப்போதும் அவள் அருணாதேவியின் முகத்தைப் பார்க்கவில்லை.